பாயில்லாமல் ஒட்டிய மாப்பிள்ளை

கணினி படித்தவன் வீட்டில்தான் இணையம் ஒழுங்காக வேலை செய்யாது. நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்து முடித்துவிட்டு வரும்வரை எங்கள் வீட்டில் அது நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

வந்த கையோடு ஒரு பழைய கணினியில் லினக்ஸை ஏற்றி, 'சேவர்' என்று பெயர் சூட்டி, சுவாமிப் படத்தட்டுக்குக் கீழே வைத்தேன். (அம்மா அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டினார்.) வீட்டுப் போன், லப்டொப் எல்லாவற்றுக்கும் இணையத்துக்கென்று ஆளுக்கோர் இலக்கம் கொடுக்கும் வேலையை ரவுட்டர் பார்த்து வந்தது. அதே வேலையைச் சேவருக்கும் கொடுத்தேன். ரவுட்டரை அந்த வேலையிலிருந்து நிறுத்தத்தான் மறந்துபோனேன். ஒரே சீட்டை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்த பஸ் மாதிரி ஆனது வீடு.

அந்த ஞாயிறு பின்னேரம் லண்டன் மாப்பிள்ளை வீட்டார் வீடியோவில் அக்காவைப் பார்க்கவிருந்தார்கள். அக்காவுக்கு அவரைப் படத்திலேயே பிடித்துவிட்டது. தடை அவருடைய தாய். யாழ்ப்பாணத்துக்காரி, எங்கள் மட்டக்களப்பில் மந்திரம் போட்டு மாப்பிள்ளைமாரை ஊர் திரும்பவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற கதையை அப்படியே நம்புகிறவர்.

பேச்சு கலகலப்பாகத்தான் தொடங்கியது. அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து அம்மா வந்தார். கண்ணை அகல விரித்து, கையைத் தூக்கி, "வாங்க மருமகன்!" என்றார். படம் அப்படியே நின்றுவிட்டது.

"என்னடா இது?" அக்கா பல்லைக் கடித்தாள்.

சேவரில் தெரிந்த கட்டளையெல்லாம் அடித்தேன். அம்மா குசினிக்குப் போன நேரம் படம் ஓடியது. "சரியாக்கிட்டன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அம்மா வந்தார்; நின்றது. கேபிளைக் கழற்றி ஊதினேன். அம்மா போனார், ஓடியது. (அம்மாவின் போன் எப்போதும் இடுப்பில் இருக்கும். குசினிக்குள் வைஃபை எட்டாது. அந்தப் போனுக்கும் அக்காவின் லப்டொப்புக்கும் ஒரே இலக்கம்; அம்மா கிட்ட வந்தால் இரண்டும் மோதும். இதெல்லாம் இந்தப் பட்டதாரி மண்டைக்கும் எட்டவில்லை.)

லண்டன் திரையிலோ, ஒவ்வொரு தடவையும் அம்மா முழித்த கண்ணும் தூக்கிய கையுமாக மாப்பிள்ளையையே பார்த்தபடி உறைந்து நின்றிருக்கிறார். அடுத்த முறை அம்மா குசினிக்குள் நுழைந்ததும் லண்டனிலிருந்து மாப்பிள்ளையின் தாய் போட்ட சத்தம் கேட்டது.

"எழும்படா தம்பி! அந்த மனிசி மந்திரிக்குது! கதிரையை விட்டு எழும்பு!"

அழைப்பு அறுந்தது. அக்கா அழுதேவிட்டாள்.

"இது குழம்பினா உன்னையும் உன்ட சேவரையும் வாவிக்குள்ள தள்ளுவன்!"

"மனே, நான் வாங்க எண்டுதானே சொன்னன்?" அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பயத்தில் சேவரின் வயரைப் பிடுங்கி எறிந்தேன். அப்போது அக்காவின் போன் அடித்தது. மாப்பிள்ளை!

"அம்மா என்னை எழுப்பி நடக்கவிட்டுப் பாத்தவ. ஒட்டேல்லையாம். ஆனா, ஒட்டினாலும் எனக்குப் பரவாயில்லை."

கலியாணத்துக்கு வந்த அத்தான் எங்கள் ஊர் வழக்கப்படி அக்கா வீட்டோடு தங்கிவிட்டார். லண்டன் பக்கம் திரும்பவேயில்லை. அத்தானின் தாய், எங்கள் மாமி, வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம், "நான் அண்டைக்கே சொன்னனான்!" என்றுதான் தொடங்குவார். உடனே அம்மா ஓடி வந்து கண்ணை விரித்து, கையைத் தூக்கி, மூச்சுவிடாமல் நிற்பார்.

"ஐயோ, படம் திரும்ப நிண்டிட்டுது!" என்று மாமி அங்கே போனைத் தட்டுவார். இங்கே அம்மாவின் தலைக்குமேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும்.