மச்சான் கோவமும் மலை ஏறின பிளெக்ஸும்

போன வெள்ளிக்கெழம எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். மச்சானைப் பச்சமலை அருவிக்குக் கூட்டிட்டுப் போயி, குளிக்க வச்சு, கோவத்தைத் தணிச்சுக் கூட்டிட்டு வரணும்.

மச்சான்னா என் வீட்டுக்காரியோட தம்பி. திருப்பூர்ல இருக்கார். ஞாயித்துக்கெழம எங்க பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வைக்காம குத்த முடியாது. அப்பேர்ப்பட்ட மனுசனோட படத்தை, பெரம்பலூர்ல எங்க தெருமுனையில வச்ச பிளெக்ஸ்ல தபால்தலை அளவுக்குப் போட்டுட்டேன். என் படத்தை மட்டும் ஆள் உசரத்துக்குப் போட்டுக்கிட்டேன். பஸ்ஸைவிட்டு எறங்கி வந்தவர் அதைப் பாத்தார். வூட்டுக்குள்ள வந்து தண்ணிகூடக் குடிக்கல.

"அவன் கோவிச்சுக்கிட்டுத் திருப்பூர் போயிட்டான்னா பாப்பாவை உங்க பிளெக்ஸ் மடியில வச்சுக் குத்திக்கங்க"ன்னா வீட்டுக்காரி.

நான் ஒரு திட்டம் போட்டேன். மச்சான் மூஞ்சி மட்டும் பெருசா, 'தாய்மாமனே வருக'ன்னு நாலடிக்கு மூணடியில ரகசியமா இன்னொரு பிளெக்ஸ் அடிச்சேன். அருவிகிட்ட ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டி, முன்னாடி அவரை நிக்க வச்சு, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டா கோவம் எங்க நிக்கும்?

அரும்பாவூர் தாண்டி, அடிவாரத்துல செக்போஸ்ட். காப்புக்காடு, பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாதுன்னு போர்டு. முன்னாடி நின்னவங்ககிட்ட பிஸ்கட் கவரைக்கூட வாங்கி வச்சுட்டாங்க.

அங்கயே குடுத்துட்டுப் போயிருக்கலாம். நான் என்ன பண்ணேன்? ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டு ஒரு புளியமரத்துக்குப் பின்னாடி போயி, பிளெக்ஸை இடுப்புலேருந்து மார் வரைக்கும் சுத்தி, மேல சட்டையை மாட்டினேன்.

பை சோதனையில பாஸ். ஆனா குனிய முடியல. மூச்சும் பாதிதான் வந்துச்சு. நடக்கறப்பல்லாம் சரக் சரக்னு சத்தம் வேற.

"என்ன மாமா, வெறைப்பா நடக்கறீங்க?"ன்னார் மச்சான். இடுப்புப் பிடிப்புன்னு சொல்லி வச்சேன்.

அருவியைப் பாத்ததும் மச்சான் துண்டைக் கட்டிட்டு எறங்கிட்டார். மொகத்துல ரெண்டு நாளா காணாத சிரிப்பு. எனக்கு நெசமாவே சந்தோசமா இருந்துச்சு. இதான் சமயம்னு மரத்துப் பக்கம் போனா, அங்க வனக்காவலர் ஒருத்தர் நிக்கறார். அப்படியே திரும்பி வந்து பாறையில உக்காந்தேன். உக்காரவும் முடியல.

மச்சான் குளிக்கக் கூப்புட்டார். வேணாம்னேன். மறுபடி கூப்புட்டார். ஜலதோசம்னேன். மூணாவது தடவை அவர் மொகம் மாறிடுச்சு.

"என்கூடக் குளிக்கறதுகூட உங்களுக்குக் கௌரவக் கொறைச்சலா மாமா?"

பாப்பா காது கண்ணு முன்னாடி வந்துச்சு. சட்டையோட எறங்கிட்டேன்.

தண்ணி காலர் வழியா உள்ள போச்சு. வயிறு உப்புச்சு. ரெண்டு பட்டன் தெறிச்சுது. அப்புறம் உள்ள இருந்தது சுருள் பிரிஞ்சு வெளிய வந்து, மீசையோட மச்சான் மூஞ்சி தண்ணியில மெதக்க ஆரம்பிச்சுது. குளிச்சிட்டிருந்தவங்க ஒதுங்கி வழி விட்டாங்க.

யாரோடதுன்னு கேட்டுக்கிட்டே வனக்காவலர் வந்தார். நான் மலையோட அழகைப் பாத்துட்டிருந்தேன். அவர் படத்தைப் பாத்தார், மச்சானைப் பாத்தார்.

"படம் உங்களோடதுன்னா பொருளும் உங்களோடதுதானே சார்?"

மச்சான் என்னைப் பாத்த பார்வையில ஒளிய எடமே இல்ல. நான்தான் கொண்டாந்தேன்னு ஒத்துக்கிட்டேன். அப்ப ரெண்டு பேருமே இங்க கெடக்கற குப்பையைப் பொறுக்குங்கன்னு காவலர் கையில ஒரு சாக்கைக் குடுத்துட்டார். ஈரத்துண்டோட மச்சான் முன்னாடி, பட்டன் இல்லாத சட்டையோட நான் பின்னாடி. சாக்கு நெறைய ஒரு மணி நேரம் ஆச்சு.

கடைசியா மச்சான் பிளெக்ஸைப் பாறை மேல விரிச்சுப் பாத்தார்.

"எனக்காகவா மாமா அடிச்சீங்க?"

ஆமான்னேன்.

"பாப்பாவை மடியில வச்சுக்கறேன். ஆனா இதைத் தெருமுனையில கட்டணும். உங்க படத்து மேல."

கட்டினேன். ஞாயித்துக்கெழம காதும் குத்தியாச்சு, பாப்பாகூட அழுவல. தெருமுனை பிளெக்ஸ்ல தன் படம் எங்கன்னு தேடிப் பாத்துட்டு, எங்க அண்ணன்தான் சாப்பிடாமக் கெளம்பிட்டார்.