அரக்கு நிற ஹெல்மெட்

நம்மிடையே பொத்திவைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. சங்கம் கிடையாது, கொடி கிடையாது, ஆனால் தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். புது சோபா வாங்கினால் அதற்கு உறை போட்டு, உறை அழுக்காகாமல் மேலே துண்டு விரித்து, துண்டு கசங்குமே என்று தாங்கள் தரையில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பவர்கள். கல்யாணத்துக்கு வந்த வெள்ளித் தட்டைப் பதினெட்டு வருஷமாகச் செய்தித்தாளில் சுற்றிவைத்திருந்து, விருந்தாளி வரும்போதெல்லாம் எடுக்கலாமா என்று யோசித்து, "இவங்களுக்குப் போயி எதுக்கு" என்று எவர்சில்வரிலேயே சோறு போடுபவர்கள். இவர்களிடம் எல்லாமே புதுசாக இருக்கும், இவர்களைத் தவிர. கஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் வாங்கவே மாட்டான். இவர்கள் இருப்பதிலேயே ஒசத்தியாகப் பார்த்து வாங்குவார்கள், வாங்கிய மறுநிமிஷமே அதற்குக் காவலாளாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்த ஜெயக்குமார் இந்த இனத்தில் முதல் ரகம். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, தொழில் அப்படி. சேலையை வெள்ளைத் துணியில் சுற்றிவைக்க வேண்டும், ஈரக் கையால் தொடக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பைப் பிரித்து வேறு மாதிரி மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்போடு இற்றுப்போகும். இப்படி இருபது வருஷம் அடுத்தவர் கட்டப்போகும் சேலைகளைப் பொத்திப் பொத்தி வைத்த மனுஷனுக்கு, நாற்பத்தொரு வயதில், தனக்கென்று ஒரே ஓர் ஆசை இருந்தது. முன்னால் ஆடு, மாடு, டவுன் பஸ், நெல் மூட்டை வண்டி எதுவுமே இல்லாத ஒரு ரோட்டில், தன்னுடைய நூற்றைம்பது சிசி வண்டியின் ஆக்சிலேட்டரை ஒரு தடவையாவது கடைசிவரை முறுக்கிப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். வண்டி வாங்கி இரண்டு வருஷமாகியும் முள் அறுபதைத் தாண்டியதில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அந்த ஆசைக்கு வழி காட்டியவன் அன்பரசு. சேவூர்க்காரன், பஸ் ஸ்டாண்டு பக்கம் மெக்கானிக் கடை வைத்திருந்தான், ஜெயக்குமாரின் வண்டிக்கு வைத்தியன் அவன்தான். சென்னையில் ஏதோ ஒரு பைக் கிளப், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அறிவித்திருந்தது.

"ஜெயிக்கறது தோக்கறது ஒண்ணும் கெடயாதுணா. சும்மா ஓட்டிகினே இருக்க வேண்டியதுதான். ஆனா ஹெல்மெட்டு, ஜாக்கெட்டு, கிளவுஸு, பூட்ஸு எல்லாம் கரெக்டா இருக்கணும். பாத்துட்டுத்தான் உள்ள வுடுவாங்க," என்றான்.

கேட்க வேண்டுமா? ஜெயக்குமார் மறுநாளே சென்னைக்கு பஸ் ஏறி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இறங்கிவிட்டார். ஹெல்மெட் எப்படி வாங்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? அவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது பட்டுச்சேலை வாங்குவது. கடைக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிறத்தை நம்பக்கூடாது என்று ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்ததையும் கொண்டுவரச் சொன்னார். பதினோரு ஹெல்மெட்டுகள் இப்படிப் பிளாட்பாரத்துக்கு வந்து வெயில் காய்ந்துவிட்டு உள்ளே போயின. கடைசியில் அவர் மனசு நின்றது எதில் என்று நினைக்கிறீர்கள்? அரக்கு நிற உடம்பு, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் தங்கக் கோடு. சேலையாக இருந்தால் முகூர்த்தத்துக்கே கட்டலாம்.

"நெறம் கெடக்கட்டும் சார், மொதல்ல மாட்டிப் பாருங்க," என்றார் கடைக்காரர். மாட்டினார். கன்னம் இரண்டும் உள்ளே அமுங்கி, வாய் மீன் வாய்போல் குவிந்தது.

"புடிக்குது. கொஞ்சம் லூசா குடுங்க."

"லூசா இருந்தா ஆபத்து சார். கன்னம் அழுந்தணும். தலைய ஆட்டுங்க, ஹெல்மெட்டும் கூடவே வரணும். அது வேற தலை வேறயா ஆடக்கூடாது. நாலு நாள் போட்டா பழகிடும்."

விலையைக் கேட்டுவிட்டு ஜெயக்குமார், இது எத்தனை வருஷம் உழைக்கும் என்று விசாரித்தார். கடைக்காரர் நல்ல மனுஷர், உண்மையைச் சொல்லித் தொலைத்தார். "அஞ்சு வருஷம் வரும் சார். ஆனா கீழ வுழுந்து ஒரு தடவ பலமா அடி வாங்கிட்டா அவ்ளோதான். பாக்க நல்லா இருந்தாலும் தூக்கிப் போட்டுடணும்."

"ஒரே அடிக்கா?"

"தலைக்கு வர்ற அடிய அது வாங்கிக்குது இல்ல சார். அதுக்குத்தானே செஞ்சிருக்காங்க."

எதற்குச் செய்தார்கள் என்பது ஜெயக்குமாரின் காதில் ஏறவே இல்லை. ஒரே அடியில் போய்விடும் என்பது மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. தோல் ஜாக்கெட், கையுறை, முட்டிக்குக் காப்பு, கணுக்கால் மூடும் பூட்ஸ் எல்லாம் வாங்கி, பஸ்ஸில் மூட்டைகளுக்குத் தனி சீட்டுப் போட்டு உட்காரவைத்து, ஹெல்மெட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஆரணி வந்து சேர்ந்தார்.

வந்ததும் வெள்ளிக்கிழமை பார்த்து அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பிறகு பிளாஸ்டிக் கவர், அதன்மேல் வெல்வெட் பை, அதன்மேல் வெள்ளைத் துணி, அதன்மேல் பீரோ. ஜாக்கெட்டுக்கு அந்துருண்டை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அதையும் மடிப்பு மாற்றி மடித்தார். நாலு நாள் போட்டால் பழகும் என்று கடைக்காரர் சொன்னாரே, அதைச் செய்தாரா? மூச். வேலூர் ரோட்டில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், வழக்கம்போல வெறுந்தலையோடு போய் வந்தார்.

அவர் மனைவி தேவிப்ரியா அதிகம் பேசாதவர். ஒரு நாள் வாசலில் வழிமறித்தார். "இன்னாங்க, அவ்ளோ வெல குடுத்து வாங்கினத போட்டுகினு போறதுதானே?"

"அது ட்ராக்குக்கு. இங்க போட்டா தூசி படும்."

"லாரிங்கல்லாம் இங்கதானே ஓடுது."

ஜெயக்குமார் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

ட்ராக்கை வாடகைக்கு எடுத்திருந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிந்ததும் ஜெயக்குமாரும் அன்பரசுவும் அவரவர் வண்டியில் கிளம்பி, செய்யாறு, காஞ்சிபுரம் வழியாக இருங்காட்டுக்கோட்டை போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் பூச்சி வந்து அடிக்கும் என்று ஜெயக்குமார் தம்பியின் பழைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, புதியதைப் பெட்டியோடு பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்தார். ட்ராக்கில் மேஜை போட்டு, ஒவ்வொருவர் சாமானையும் சோதித்துக்கொண்டிருந்தார் கிளப் ஆள் ஒருவர். அன்பரசுவின் ஹெல்மெட்டைப் பார்த்ததுமே தள்ளிவைத்துவிட்டார், தாடைவாரின் பூட்டு வேலை செய்யவில்லை. அவனுக்குக் கிளப்பின் இரவல் ஹெல்மெட் ஒன்று கிடைத்தது. திடமானதுதான், ஆனால் பூர்வீக நிறம் என்னவென்று யாருக்கும் தெரியாது, உள்ளே பல பேருடைய வியர்வை ஊறியிருந்தது.

அடுத்தது நம்மவர். துணியைப் பிரித்து, பையை அவிழ்த்து, கவரை உருவி, ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கிளப் ஆள் திருப்பிப் பார்த்து, வாரை இழுத்துப் பார்த்து, "சூப்பர் சார்" என்றபடியே ஒரு மஞ்சள் ஸ்டிக்கரைக் கையில் எடுத்தார்.

"சார், சார், அது இன்னாத்துக்கு?"

"செக் பண்ணதுக்கு அடையாளம் சார். பின்பக்கம் ஒட்டுவோம்."

"கவர் மேல ஒட்டக்கூடாதா?"

"கவரோடயா ஓட்டப்போறீங்க?"

அந்த யோசனை அவருக்கு இருந்தது. பின்னால் இருபது பேர் நின்றுகொண்டு, இன்னா பேஜாரா கீது என்று முணுமுணுக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஒட்டினார்கள்.

முதல் சுற்றுக்கு, அதாவது இருபது நிமிஷ ஓட்டத்துக்கு, விட்டார்கள். தலைமுதல் கால்வரை தோலும் நுரையும் பூட்டி, உலகத்திலேயே பத்திரமான ஆளாக, ஆடு மாடு இல்லாத ரோட்டில் ஜெயக்குமார் இறங்கினார். எவ்வளவு வேகம் போனார் தெரியுமா? நாற்பது. ஒவ்வொரு வளைவிலும் அவருக்கு ஒரே நினைப்புதான். விழுந்தால் கால் போகும், கை போகும், பரவாயில்லை, ஆரணியில் கட்டுப் போட ஆள் இருக்கிறது. ஹெல்மெட் போய்விடுமே. அன்பரசு அவரை மூன்று தடவை தாண்டிப் போனான். கொஞ்ச நேரத்தில் கொடி காட்டி அவரை வெளியே வரச்சொன்னார்கள்.

"வண்டி ரிப்பேரா சார்?"

"இல்லியே. நல்லாத்தானே போய்கினு இருந்தேன்."

"ரொம்ப ஸ்லோ சார். பின்னாடி வர்றவங்க மோதிடுவாங்க. மதியம் இன்னும் ஒரு சுத்து இருக்கு. அதுலயும் இப்படின்னா உள்ள விட முடியாது."

இத்தனை பாதுகாப்புச் சாமானும் அணிந்த மனுஷரை, ஆபத்தானவர் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். இரண்டு வருஷ ஆசை, நூறு கிலோமீட்டர் வழி, வீட்டிலும் கடைத்தெருவிலும் சொல்லிவைத்த பெருமை எல்லாவற்றுக்கும் சேர்த்து, இன்னும் பாக்கி இருந்தது ஒரே ஒரு சுற்று.

அன்பரசு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பயமாணா?"

"பயமெல்லாம் இல்ல அன்பு. வுழுந்துட்டேன்னா..."

"வுழுந்துட்டா?"

"இது போயிடும்."

அன்பரசு அவர் முகத்தைப் பார்த்தான், மடியில் இருந்ததைப் பார்த்தான். சிரிக்கவில்லை, அது அவன் பெருந்தன்மை. "அப்ப ஒண்ணு பண்ணுங்க. இந்த ஓட்ட ஹெல்மெட்ட நீங்க போட்டுகினு போங்க. ரெண்டும் ஒரே சைஸுதான். அத்த நான் போட்டுக்கறேன்."

ஜெயக்குமார் அவன் தலையைப் பார்த்தார். தலையில் எண்ணெய். உள்ளே அந்த வெள்ளை மெத்தையில் பட்டால் போகுமா? எண்ணெய் மட்டும்தான் காரணமா என்று நீங்கள் கேட்கலாம். அன்பரசு அவர் வீட்டு வாசலுக்கு நூறு தடவை வந்திருக்கிறான், உள்ளே வந்ததில்லை. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் ஜெயக்குமார் சொல்வார். அழுத்திக் கேட்காதீர்கள். மதியச் சுற்றுக்குப் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள், வேறு வழியில்லை, கொடுத்துவிட்டார்.

இரவல் ஹெல்மெட் நாறியது. கண்ணாடியில் கீறல். ஆனால் தலையில் மாட்டியதும் மனுஷனுக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. யாருடையதோ, போனால் போகட்டும் என்று ஒரு விடுதலை. நேர் ரோட்டில் ஆக்சிலேட்டரை முறுக்கினார், இன்னும் முறுக்கினார், இதற்குமேல் முறுக்க இல்லை என்கிற இடம்வரை முறுக்கினார். முள் நூற்றைத் தாண்டியது. காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. ஹெல்மெட்டுக்குள் ஜெயக்குமார் வாய்விட்டுச் சிரித்தார், கத்தினார், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் கொஞ்சம் அழவும் செய்தார். நாற்பத்தொரு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. பொண்ணு பார்த்த அன்றுகூட இல்லை. இதை தேவிப்ரியாவிடம் சொல்லவேண்டாம்.

கடைசி வளைவில்தான் அது நடந்தது. முன்னால் போன அன்பரசுவின் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் போக, அவன் ஒரு பக்கம் உருண்டான். அரக்கு நிறத் தலை தார் ரோட்டில் ணங்கென்று மோதி, சரசரவென்று தேய்த்துக்கொண்டே போய்ப் புல்லில் நின்றது.

ஜெயக்குமார் ஓரமாக வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். எல்லாரையும் முந்திக்கொண்டு அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். மண்டியிட்டார். அன்பரசுவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். தங்கக் கோடு கிழிந்து, அரக்கு உரிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இரண்டு கண்களை அதற்கப்புறம்தான் பார்த்தார்.

அந்தக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. "ஒண்ணும் ஆகலணா," என்றான் அன்பரசு. "பயப்படாதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகல."

முதலுதவிக்காரர் வந்து ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்து, இது இல்லாவிட்டால் மண்டை போயிருக்கும் என்றார். தோளில் சிராய்ப்போடு அன்பரசு எழுந்து உட்கார்ந்தான். சேவூர் முழுக்க, ஆரணி பஸ் ஸ்டாண்டு முழுக்க, அவன் இன்றைக்கும் சொல்லிகினு இருக்கிறான்: "நான் வுழுந்ததும் எல்லாருக்கும் முன்னாடி அண்ணாதான் ஓடியாந்தாரு. என் தலைய புடிச்சிகினு தடவித் தடவிப் பாத்தாரு. கூடப் பொறந்தவன்கூட அப்படிப் பாக்க மாட்டான்."

இதைக் கேட்கும்போதெல்லாம் ஜெயக்குமாருக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும். வெட்கம் என்றால் சாதாரண வெட்கமில்லை, சோறு இறங்காது. மறுத்துச் சொல்லிவிடலாம் என்று பத்துத் தடவை வாயெடுத்தார். எப்படிச் சொல்வது? நான் தடவியது உன்னை இல்லை என்றா?

அந்தக் கட்டைவிரல் சமாச்சாரம் வேறு யாருக்கும் தெரியாதே, உனக்கெப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன், அதற்குமேல் தோண்டாதீர்கள். அதுவும் போக, சிரித்துக்கொண்டே படித்த உங்களிடமும் எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நாளைக்கோ நாளை மறுநாளோ உங்கள் வீட்டில் ஒரு நல்ல கண்ணாடிக் கிண்ணம் கை தவறி விழுந்து சில்லுச் சில்லாக உடையும். பக்கத்தில் உங்கள் குழந்தை வெறுங்காலோடு நிற்கும். அந்த ஒரு நொடியில் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். காலுக்குப் போனால் நல்லது, நீங்கள் வேறு இனம், என்னைத் தாராளமாகத் திட்டலாம். கிண்ணத்துக்குப் போனால், வாருங்கள். நமக்குள் என்ன ஒளிவுமறைவு.