மூன்றாம் பக்கத்தில் காலமான சின்னுசாமி எழுதிக்கொண்டது

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பரமத்தி வேலூர் சின்னுசாமியின் வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பமும் சுகமென நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றித் தாங்களே இன்று காலை மூன்றாம் பக்கத்தில் போட்டோவுடன் போட்டுவிட்டீர்கள். அது சம்பந்தமாகத்தான் இக்கடிதம்.

நான் சாகவில்லை ஐயா. தப்பு என் மேல்தான். என் மகன் தமிழரசு கம்ப்யூட்டர் படித்தவன். கேதம் விழுந்த வீட்டில் ஆளுக்கொரு பக்கம் அலைய வேண்டாமென்று பத்திரிகை விளம்பரம், ஐஸ் பெட்டி, பந்தல், உறவுக்காரர்களுக்குத் தகவல், மயான வண்டி என்று இன்டர்நெட்டில் தனித்தனியாகக் கிடந்த சேவைகளையெல்லாம் ஒன்றாகக் கோத்து ஒரே பட்டனில் வைத்துவிட்டான். நேற்று, "அப்பா, சும்மா ஒரு பேரப் போட்டு அமுக்கிப் பாருங்க" என்றான். உயிரோடிருக்கிறவர் பேரை எப்படிப் போடுவது? பங்காளி பேரைப் போட்டால் வெட்டுக்குத்து, மாமனார் பேரைப் போட்டால் எனக்குச் சோறு கிடையாது. எட்டாவது வரை படித்த மூளையைக் கசக்கி, யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி என் பேரையே போட்டேன். 'சோதனை' என்று ஒரு கட்டம் இருந்ததாம், அதை நான் தொடவில்லை.

காலையில் காபியைக் கையிலெடுக்கிறேன், வாசலில் வேன். ஐஸ் பெட்டிக்கார மாதையன் பெட்டியோடு இறங்கினான்.

"ஏனுங்க, சின்னுசாமி ஊடு இதுங்களா? பாடி எங்கீங்க?"

"நான்தானுங்க."

மேலும் கீழும் பார்த்தான். "பந்தக்காரரு வேண்டாம்னு சொன்னாத்தானுங்க எனக்கு ரத்தாகும். பிளக் பாயிண்ட் எங்கீங்க?"

பந்தல்காரரைக் கேட்டால், "பேப்பர்லயே வந்துருச்சுங்களே" என்கிறார். தமிழரசைப் பிடித்து உலுக்கினேன். "கோத்தது மட்டுந்தானுங்கப்பா நானு, ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தனோடது. பேப்பர்ல மறுப்பு வந்தா எல்லாம் தானா நிக்கும்" என்கிறான். நிற்காவிட்டால் நாளைக் காலை பத்து மணிக்கு மயான வண்டி வந்துவிடும், அப்புறம் ரேஷன் கார்டிலிருந்து பேரை நீக்க மனு தானாகப் போய்விடும். மூச்சு வருகிறதா என்று மூக்கில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "கூப்புட்டா ஏன்னு கேக்கறீங்கல்ல, அப்ப இருக்கறீங்க, சும்மா இருங்க" என்று அதட்டுகிறாள் என் சம்சாரம் வசந்தாமணி.

ஆனால் வண்டியைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்குதுங்க. என் அண்ணன் அர்த்தநாரி கிணற்றுத் தண்ணீர் முறையில் என்னோடு முட்டிக்கொண்டு, கோபத்தில் ஆட்டையாம்பட்டிக்கே போய்விட்டார். பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. தகவல் அவருக்கும் போயிருக்கிறது. மணி பதினொன்று, இன்னும் ஒரு போன் இல்லை. செத்தும் அண்ணன் வரவில்லை என்பதை நானே உயிரோடு உட்கார்ந்து பார்க்கணுங்களா? ஆகவே இன்று மாலைப் பதிப்பிலேயே, அவர் வராமல் போவதற்கு முன்னால், நான் இருக்கிறேன் என்று போட்டுவிடுங்கள். நாமக்கல் பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள் பத்திரிகை நூறு வருஷம் நடக்கட்டும். நானும் கொஞ்ச நாள் நடமாடுகிறேன்.

இப்படிக்கு,
இதை எழுதும் வரை உயிரோடிருக்கும்
சின்னுசாமி

பி.கு.: கண்டக்டர் விசிலடிப்பதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். அண்ணன் போன் பண்ணினார், வசந்தாமணி எடுத்தாள். "நான் வார வரைக்கும் எடுத்துராதீங்க சாமி, எந்தம்பி மூஞ்சியப் பாக்கோணும்" என்று பஸ்ஸிலேயே கதறுகிறாராம். இவளும் உண்மையைச் சொல்லவில்லை. மாலைப் பதிப்பு வேண்டாம் ஐயா, வழியில் பார்த்தாரென்றால் திரும்பிப் போய்விடுவார். நாளைக் காலைப் பதிப்பில் போட்டால் போதும், வண்டி வருவதற்குள் கிடைத்துவிடும். அண்ணன் வரும் வரை பெட்டி இருக்கட்டும், பிளக்கை மட்டும் மாட்ட வேண்டாமென்று மாதையனிடம் சொல்லிவிட்டேன்.