அவர் கடிகாரம், என் நாடித்துடிப்பு

மலையேறுவது என்று எங்கள் வீட்டுக்காரர் முடிவெடுத்தபோது ஒரு மெத்தையின் மேல் படுத்திருந்தார்.

கேலி செய்யவில்லை. அவர் உத்தியோகமே அதுதான். மெத்தைக் கம்பெனியில் தர ஆய்வாளர். காலையில் ஒன்பது மணிக்குப் போவார். வரிசையாகக் கிடக்கும் மெத்தைகளில் மல்லாந்து ஒரு தடவை, ஒருக்களித்து ஒரு தடவை படுத்துப் பார்ப்பார். 'பரவாயில்லை', 'மேடு தட்டுகிறது' என்று அட்டையில் எழுதுவார். சாயங்காலம் களைத்துப்போய் வீட்டுக்கு வருவார். களைப்பு தீர வீட்டு மெத்தையில் படுப்பார்.

அப்படிப்பட்டவர் அன்றைக்குக் கையில் ஒரு பளபளக் காகிதத்தோடு வந்து நடுக்கூடத்தில் நின்றார்.

"முடிவு பண்ணிட்டேன்."

"என்னத்தை?"

"மலையிலே சைக்கிள் ஓட்டப் போறேன். எட்டு நாள். நாலாயிரத்து நூறு மீட்டர் உயரம்."

"கீழே போய்ப் பால் வாங்கிட்டு வாங்கன்னா லிஃப்ட் ரிப்பேர்னு சொல்ற அதே ஆள்தானே நீங்க?"

"அது வேற உயரம். அதுல லட்சியம் இல்லை."

"நானும் வரட்டுமா?"

கேட்டே விட்டேன். வாய்தான் கேட்டது. நான் கேட்டிருக்க மாட்டேன்.

"நீயா?" என்று சிரித்தார். "அங்கே காத்தே கம்மி. நீ பேசற பேச்சுக்கு மத்தவங்களுக்கு மிச்சமிருக்காது."

இதற்குப் பதில் என்னிடம் ஏழு இருந்தது. ஆனால் என் கண் அந்தக் காகிதத்தில் மாட்டிக்கொண்டுவிட்டது. அதில் ஒரு படம். ஒரு மண் ரோடு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் வெறும் வானம். அந்த ரோட்டில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வீடுகூட இல்லை. வீடு இல்லையென்றால் அடுப்படி இல்லை. அடுப்படி இல்லையென்றால், "இன்னிக்கு என்ன?" என்று எட்டிப் பார்க்க ஆளில்லை. அவர் தூங்கிய பிறகு அந்தப் படத்தை எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அவருக்கு ஊக்கமாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். ஃபிரிட்ஜை ஒரு நாளைக்கு முப்பது தடவை திறப்பவள் நான்.

பயணத்தை நடத்துகிறவர் ஒரு தாடிக்காரர். கறாரான மனுஷன். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் ஆறு வாரம் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அதற்குச் சாட்சி, கையில் கட்டும் ஒரு கடிகாரம். எத்தனை அடி நடந்தோம், எத்தனை படி ஏறினோம், எவ்வளவு நேரம் மிதித்தோம், நாடி எப்படித் துடிக்கிறது என்று எல்லாவற்றையும் அது தாடிக்காரருக்கு அனுப்பிவிடும்.

சைக்கிள் வந்தது. இரண்டு விரல் தடிமனில் டயர், முன்னால் ஷாக் அப்சர்பர், எண்ண எண்ணத் தீராத கியர். அதை பால்கனியில் ஒரு ஸ்டாண்டில் மாட்டினார். ஏறினார். பத்து நிமிஷம் மிதித்தார். இறங்கினார்.

"என்ன?"

"சீட்டு மேடு தட்டுது."

மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் காலையில் என் பக்கத்தில் வந்து, "உன் கையைக் காட்டு," என்றார். காட்டினேன். மெதுவாகப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். கரண்டி வாங்குவதற்காக இல்லாமல் என் கையைப் பிடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று மனசு ஒரு விநாடி இளகிவிட்டது. அந்த விநாடியில் கடிகாரத்தைக் கட்டிவிட்டார்.

"என்னது இது?"

"நீ எப்படியும் நாள் பூரா ஓடிட்டுத்தானே இருக்கே. அது வீணாப் போகுது."

"வீணாப் போகுதா?"

"அதாவது... பதிவாகாமப் போகுது."

அது உண்மை. இருபத்தாறு வருஷமாகப் பதிவாகாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்துத் தாடிக்காரர் போன் செய்தார். எங்கள் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"சார், ஒரே நாள்ல முப்பத்தெட்டு மாடி ஏறியிருக்கீங்க! எப்படி சார்?"

"எல்லாம் மன உறுதிதான்."

(நாலாம் மாடியில் குடியிருக்கிறோம். லிஃப்ட் படுத்துவிட்டது. அன்றைக்கு மோட்டாரும் படுத்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியது மன உறுதி இல்லை, நான்.)

"ஆனா மிதிக்கறது பத்தலை சார். தினம் ஒரு மணி நேரமாவது சைக்கிள்ல இருக்கணும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கையைப் பிடித்த அன்றைக்கு இருந்த அதே கனிவு.

"ஏம்மா, நீ டிவி பார்க்கறப்போ சும்மாத்தானே உட்கார்ந்திருக்கே?"

ஏறி உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு.

நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம். "பெண்களே, முதுகு நேராக இருக்கட்டும்!" என்று வாசலில் நின்று சிஸ்டர் கத்துவார். வாசலைத் தாண்டினால் கடைத்தெரு வரைக்கும் ஒரே இறக்கம். சிஸ்டர் கண்ணில் படுகிற தூரம் வரை முதுகு நேராக இருக்கும். அப்புறம் ஹாண்டில் பாரின் மேல் கவிழ்ந்துவிடுவேன். பிரேக்கில் விரல் வைக்க மாட்டேன். காது இரண்டிலும் காற்று நிரம்பி, யார் கூப்பிட்டாலும் கேட்காது. கல்யாணமானதும் நானும் சைக்கிளும் வேறு வேறு வீடுகளுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டோம்.

பால்கனியில் எவ்வளவு மிதித்தாலும் அதே துணிக்கொடி, அதே எதிர் வீட்டு ஏசி. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓரடி நகரக் கூடாது. இதைச் செய்ய எனக்கு சைக்கிள் எதற்கு? ஒரு வாரம் பொறுத்தேன். அவர் ஆபீஸ் போனதும் ஸ்பேனரை எடுத்து ஸ்டாண்டைக் கழற்றினேன். அவருடைய ட்ராக் பேண்டை மாட்டிக்கொண்டேன். சைக்கிளை நாலு மாடி சுமந்து இறக்கினேன். தெருக்கோடியில், ரயில் பாதைக்குப் பின்னால் மண் கொட்டி வைத்த மேடு ஒன்று உண்டு. அதில் ஏறினேன். விழுந்தேன். மறுபடி ஏறினேன்.

எதிர் வீட்டு டீச்சர் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, முழங்கையிலே ரத்தம்?"

"எங்க வீட்டுக்காரர் சைக்கிள் பழகறார், டீச்சர்."

"அவர் பழகினா உங்களுக்கேன் அடி படுது?"

"கல்யாணம் ஆனதிலேருந்து அப்படித்தான்."

ஐந்தாவது வாரம் அந்த மேட்டில் சைக்கிளை விட்டு இறங்காமல் பன்னிரண்டு தடவை ஏறினேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது தாடிக்காரர் அனுப்பிய பாராட்டை எங்கள் வீட்டுக்காரர் எனக்கு வாசித்துக் காட்டினார். "இந்த வயசுல இப்படி ஒரு இதயமான்னு கேக்கறார்," என்று தன் நெஞ்சைத் தானே தட்டிக்கொண்டார்.

ஆறாவது வாரம் படிவம் வந்தது. நாலு பக்கம். எங்கள் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நான்தான் நிரப்புவேன், அவர் கையெழுத்துப் போடுவார். "உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கும்," என்பது இருபத்தாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அதுவும் வேலை வாங்குவதற்காக.

சாப்பாட்டு மேஜையில் படிவத்தை விரித்தேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி: 'இத்துடன் உள்ள ஆறு வாரப் பதிவு என்னுடைய உடலைப் பற்றியதே என்று உறுதி கூறுகிறேன்.' அதற்குக் கீழே: 'பயணம் செய்பவர் பெயர்.'

அரை மணி நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தேன். அவர் பெயரை எழுதினால் அவர் போவார். என் இதயத்தை நம்பி அவருடைய இதயம் நாலாயிரம் மீட்டர் ஏறும். பாதி வழியில் அதற்கு விஷயம் தெரிந்துவிட்டால்? என் பெயரை எழுதினேன். அவர் உயிருக்காகத்தான். இரண்டாவது காரணம் ஃபிரிட்ஜில் இருந்த படம். எது முதல், எது இரண்டாவது என்று சிஸ்டர் அதட்டிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன்.

கடைசிப் பக்கத்தில் 'கணவர் அல்லது மனைவியின் சம்மதம்' என்று ஒரு கட்டம். அவரிடம் நீட்டினேன். டிவியில் மாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"படிச்சுப் பார்த்துப் போடுங்க."

"நீ எழுதினதுல தப்பு இருக்குமா?"

"தப்பே இல்லை. அதனாலதான் படிங்கங்கறேன்."

"எங்கே போடணும்?"

"இந்தக் கட்டத்துல. ஆனா படிச்சுட்டு."

போட்டுவிட்டார். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கோட்டுக்கு மேலேயே நேராகப் போட்டார். அதில் அவர் கெட்டிக்காரர்.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது தாடிக்காரர் மறுபடி கூப்பிட்டார். டீச்சரும் கூடத்தில் இருந்தார். வீட்டுக்காரர் வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், மேடம் இருக்காங்களா?"

"மேடம் எதுக்கு? நான்தானே வர்றேன்."

"நீங்க வரலையே சார். நீங்க அவங்களை அனுப்பறவர். சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ரொம்பப் பெருந்தன்மை சார் உங்களுக்கு."

டீச்சர் காபியை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார்.

"அது... அந்த நாடித்துடிப்பு என்னுது!" என்றார் வீட்டுக்காரர்.

"அப்படியா? சின்னதா ஒரு டெஸ்ட் சார். கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு நாலு மாடி இறங்கி ஏறுங்க. நான் இங்கேருந்து பார்த்துக்கறேன்."

கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். என் மணிக்கட்டில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

நானும் டீச்சரும் பின்னாலேயே போனோம். இறங்குவதில் பிரமாதம். ஏறும்போது முதல் மாடியில் சுவரைப் பிடித்தார். இரண்டாம் மாடியில் கடிகாரம் கத்த ஆரம்பித்தது. டீச்சர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் அதில் சரிந்து, கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். திரையில் 'ஓய்வெடுக்கவும்' என்று வந்திருந்தது.

"பார்த்தியா," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே, "அதுவே சொல்லுது."

இரண்டு நாள் 'போகாதே' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அதற்கு மூன்று விதமான பதில் தயாராக இருந்தது, மூன்றும் நல்ல காரம். மூன்றாம் நாள், நான் பையில் துணி அடுக்கும்போது வந்து கதவில் சாய்ந்தார்.

"நிஜமாவே போறியா?"

"ஆமாம்."

"எட்டு நாளா?"

"எட்டு நாள்."

"சரி."

அவ்வளவுதான். மனுஷன் உடைந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அரிசி டப்பா எங்கே, உப்பு எங்கே, வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்தக் கூடாது என்று மூன்று பக்கம் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மலை, படத்தில் இருந்தது மாதிரியே இல்லை. படத்தில் மூச்சு வாங்கவில்லை. முதல் இரண்டு நாள் எங்களை ஓட்டவே விடவில்லை. உடம்பு பழகட்டும் என்று விடுதியில் உட்கார வைத்தார்கள். தலைக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். மூன்றாம் நாள் கிளம்பினோம். எட்டுப் பேர். மற்ற ஏழு பேருக்கும் எனக்குப் பிள்ளைகளாகிற வயசு. நான் கடைசி. இருப்பதிலேயே லேசான கியர், பத்து மிதி, ஒரு மூச்சு, மறுபடி பத்து மிதி. பேச்சு அறவே நின்றுவிட்டது. அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி.

ஒன்று மட்டும் உறுத்தியது. போன் வரவே இல்லை.

சிக்னல் கிடைக்கிற வளைவுகளில் எல்லோரும் நின்று போனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இருபத்தாறு வருஷத்தில் நான் டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிஷம் ஆனாலே, "எங்கே இருக்கே? சர்க்கரை எங்கே இருக்கு?" என்று இரண்டு கேள்வி வந்துவிடும். நாலு நாளாக ஒரு கேள்விகூட இல்லை. டவர் கோளாறு என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு அவள் அம்மாவிடமிருந்து பதினோரு செய்தி வந்திருந்தது. டவரில் கோளாறு இல்லை.

ஆறாம் நாள் காலை, பத்து மணி சுமாருக்கு, உச்சிக்கு முந்தைய கடைசி ஏற்றம். பாதியில் இறங்கித் தள்ளினேன். பிறகு வெட்கமாக இருந்தது, ஏறி மிதித்தேன். ரோடு திடீரென்று தட்டையானது. அதற்கு மேல் ஏற இடமில்லை.

நின்றேன். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் வானம். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு வீடு இல்லை. காது இரண்டிலும் காற்று. நான் கேட்டது இதைத்தான். ஒரு குறையும் இல்லாமல் அப்படியே கிடைத்துவிட்டது. ஐந்து நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால், "சரி சரி, குளிரப்போகுது, தலையிலே எதையாவது சுத்து," என்று எரிச்சல் மூட்டுகிற ஒருவரிடம்.

இரண்டு கோடு சிக்னல் இருந்தது. நானே கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தார்.

"ஏங்க, நான்தான். உச்சிக்கு வந்துட்டேன்."

"அடடே! சபாஷ்!"

குரலில் ஒரு துளி சோகம் இல்லை. பின்னால் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஆபீஸ் போகலையா?"

"லீவு போட்டேன்ல. மலைக்குன்னு வாங்கின லீவு. கேன்சல் பண்ணலை."

"சாப்பாடெல்லாம்?"

"எனக்கென்ன, அமர்க்களமா இருக்கேன். ஒரே ஒரு விஷயம்தான் உன்கிட்ட கேக்கணும்னு நினைச்சேன்."

அப்பாடா. உப்பு மூன்றாவது தட்டில். ஸ்டவ் பற்றவில்லையென்றால் சிலிண்டர் திருகைப் பார்க்கணும். மெஷினில் சிவப்புப் பொத்தானைத் தொடவே கூடாது. எல்லாப் பதில்களும் என் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன.

"கேளுங்க," என்றேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். காற்றுதான் காரணம்.

"இன்னும் ஒரு வாரம் சேர்த்து இருந்துட்டு வர முடியுமான்னு அந்தத் தாடிக்காரரைக் கேட்டுப் பாரேன்."