கண்டாக்கு கூப்பிட்ட பெரட்டு

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்களைக் காலை ஆறு மணிக்கு எழுப்பி வரிசையில் நிற்க வைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கண்டாக்கு. வேறு நாட்டில் யாராவது இதை முயன்றிருந்தால் மறுநாளே குழுவை விட்டுத் தூக்கியிருப்பார்கள். எங்களால் முடியவில்லை. நாங்கள் எல்லோரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். கண்டாக்கு கூப்பிட்டால் கால் தானாக எழுந்து நின்றுவிடும்.

மலையகம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் கண்டாக்கு என்றால் மலைவேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர். பெரட்டு என்றால் விடியற்காலையில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலையில் என்ன வேலை என்று பிரித்துவிடுகிற கூட்டம். டிவிசன் என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு, லயம் என்றால் ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கிற தொழிலாளர் குடியிருப்பு. எங்கள் ஆள் நிஜக் கண்டாக்கு இல்லை. இணையத்தில் நாங்கள் நாற்பது பேர் வைத்திருந்த புரோகிராமர் குழுவில் அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர் அது. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தொப்பியின் படம் மட்டும் இருந்தது.

அவர் வருவதற்கு முன் அந்தக் குழு ஒரு சந்தைக்கடை. யாராவது ஒருவர் "என் புரோகிராம் ஓடல, யாராச்சும் பாருங்களேன்" என்று கெஞ்சுவார். அதற்கு மேல் கிரிக்கெட், அதற்குக் கீழ் சினிமா, நடுவில் அவர் கேள்வி நசுங்கிக் கிடக்கும். கண்டாக்கு வந்து மூன்று நாள் வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு ஒரு செய்தி வந்தது.

"பெரட்டு. எல்லாரும் ஊரு, டிவிசன், லயத்து நம்பரு, இன்னைக்கு என்ன வேல, நாலும் சொல்லணும். சுருக்கா."

பகடி என்றுதான் நினைத்தோம். குழுவின் வாயாடி வலப்பனைக்காரன் ஒருவன். அவன் உடனே, "அய்யா, இங்க மழைங்க. இன்னைக்கு லீவு போடுங்க" என்று எழுதினான்.

"படங்கக் கட்டிக்கிட்டு வாங்க" என்றார் கண்டாக்கு. மழைக்கு எங்கள் அம்மாமார் இடுப்பில் சுற்றிக்கொள்கிற ரப்பர்ச் சீலைதான் படங்கு. வலப்பனைக்காரன் சிரிப்புக் குறி போட்டுவிட்டு, கையோடு லயத்து நம்பரையும் சொல்லிவிட்டான். அவன் சொன்னதும் அடுத்தவன் சொன்னான். ஒரு வாரத்தில் நாற்பது பேரும் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். விளையாட்டாக அவருக்கு நிர்வாகி அதிகாரத்தைக் கொடுத்தோம். அங்கேதான் தப்பு நடந்தது. ஆறரைக்குப் பிறகு வந்தவர்களை அவர் மத்தியானம் வரைக்கும் எழுத முடியாதபடி பூட்டி வைத்தார். கேட்டால், "பிந்தி வந்தா வெரட்டுறதுதானே வழக்கம்" என்றார்.

ஆளுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான். நான் ராகலை. கொழும்பில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஒருவர் தெரியாத்தனமாக உள்ளே வந்துவிட்டார். அவரிடமும் லயத்து நம்பர் கேட்கப்பட்டது. பாவம், அவர் பணிவாக, "நான் அடுக்குமாடியில இருக்கேன் சார், ஒன்பதாவது மாடி" என்றார்.

"சரி. ஒம்பதாம் லயம். ரூம் நம்பரு?"

அவர் அதையும் சொன்னார். அன்றிலிருந்து அவர் எங்களை விடச் சரியான நேரத்துக்குப் பெரட்டுக்கு வந்தார்.

புரோகிராமைத் திருத்தக் கொடுத்தால் அது கொழுந்து நிறுக்கிற மாதிரி நடக்கும். எங்கள் அம்மாமார் பறித்த கொழுந்தைத் தராசில் போட்டுவிட்டு, ஈரத்துக்கு, முத்தலுக்கு என்று கழிப்பார்களே, அதே மாதிரி. நான் ஒரு தடவை முந்நூறு வரி எழுதி, பெருமை தாங்காமல் போட்டேன். கால் மணி நேரத்தில் நாற்பது வரி திரும்பி வந்தது. அதே வேலையைச் செய்தது, வேகமாக வேறு செய்தது. கீழே ஒரு குறிப்பு: "ராகலை, கொழுந்து இவ்வளவுதான். மிச்சமெல்லாம் காம்பு. அரைப்பேரு." அரைப்பேர் என்றால் தோட்டத்தில் பாதி நாளைக்குத்தான் வருகை பதிவது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் அம்மா இருபத்தைந்து வருசத்தில் வாங்கிய அரைப்பேரை விட நான் ஒரு மாதத்தில் கூடுதலாக வாங்கியிருந்தேன்.

ஒருமுறை பெரிய சண்டை. புரோகிராம் எழுதும்போது வரியை உள்ளே தள்ள டேப் விசையை அழுத்துவதா, ஸ்பேஸ் விசையை நாலு தரம் தட்டுவதா என்று. உலகம் முழுக்க இதற்கு அடித்துக்கொள்கிறார்கள், நாங்கள் மட்டும் என்ன குறைச்சல். வலப்பனைக்காரன் ஒரு கட்சி, ஹட்டன்காரன் ஒரு கட்சி, இரண்டு நாளாக ஒரே ரகளை. கண்டாக்கு குறுக்கே வந்தார். டேப்காரர்கள் மேல்மலை, ஸ்பேஸ்காரர்கள் கீழ்மலை என்று பிரித்தார். ஒரு வாரத்துக்கு அந்த மலை ஆள் எழுதியதை இந்த மலை ஆள்தான் திருத்த வேண்டும் என்று உத்தரவு. மூன்றாம் நாள் வலப்பனைக்காரன் எழுதினான்: "அய்யா, டேப்போ ஸ்பேஸோ எந்த எழவையாச்சும் போட்டுத் தொலைக்கட்டும். என்னை எங்க மலைக்கே அனுப்பிடுங்க."

நாங்கள் எல்லோரும் அவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தோம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் என்று ஹட்டன்காரன் சத்தியமே செய்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் கண்டாக்கைச் சொல்ல முடியாது.

அப்போது கொழும்புக் கம்பெனி ஒன்றில் எனக்கு முதல் வேலை. வீட்டிலிருந்தே செய்கிற வேலை. நேர்முகத்தில் ஊர் கேட்டபோது, "நுவரெலியா டவுன்" என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தேன். லயத்து அறை என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கம்தான், வேறென்ன. வீடியோ கூட்டத்தில் பாதி நாள் கேமராவை அணைத்துவிட்டு, "சிக்னல் இல்ல மிஸ்" என்பேன். மீதி நாள் முதுகுக்குப் பின்னால் ரோசாப்பூப் போட்ட பெட்ஷீட் ஒன்றைக் கட்டித் தொங்க விடுவேன். ஆறு மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை, நான் செய்ததை எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவதா அனுப்புவதா என்று முடிவு. கேமரா கட்டாயம். என் சம்பளத்தை நம்பித்தான் அம்மாவை அடுத்த வருசம் மலைக்கு அனுப்பாமல் வீட்டில் இருத்துவதாகத் திட்டம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. தூக்கக் கலக்கம், பயம் வேறு. பெரட்டுக்கு எழுதி அனுப்பினேன்: "ராகலை. கீழ் டிவிசன். ஏழாம் லயம், மூணாம் ரூம். இன்னைக்கு வேல: மெனேஜர் முன்னாடி முழிக்கிறது."

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். எங்கள் குழுவில் போடவில்லை. கம்பெனிக் குழுவில் போட்டிருக்கிறேன்.

அழிப்பதற்குள் ஆறு பேர் படித்துவிட்டார்கள். தமிழ் தெரிந்த ஒருவர், "லயமா?" என்று கேட்டிருந்தார். மேனேஜர் நிரோஷா மிஸ், "இது என்ன நங்கி?" என்று தனியாகக் கேட்டிருந்தார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. இங்கே எங்கள் குழுவில் கண்டாக்கு கத்திக்கொண்டிருக்கிறார். "ராகலை வரல. ராகலை எங்க?"

"அய்யா, பெரட்ட ஆஃபீஸ்ல கொடுத்துட்டேன்" என்று எழுதினேன்.

"அப்ப ஆஃபீஸ் வேலய இங்க கொண்டாங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றான் வலப்பனைக்காரன். நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஒரே வரி எழுதினேன்: "நான் இன்னைக்குப் போகல. கரண்ட் இல்லன்னு சொல்லிட்டு வேலய விடப்போறேன்." சிரிப்பு நின்றது.

ஐந்து நிமிடம் கழித்துக் கண்டாக்கிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டேன். ஐம்பது வயதாவது மண்ணாவது. என்னை விட இரண்டு, மூன்று வயது மூத்த பையனின் குரல். பின்னால் கோழி கத்தியது.

"ராகலை, சிரிக்காம கேளுங்க. நானும் கொழும்புல ஒரு கம்பெனில இருந்தேன். கண்டி டவுன்ல வீடுன்னு சொல்லி வச்சிருந்தேன். ஒருநாளு எங்க பெரியவரு குடும்பத்தோட கண்டிக்கு வந்துட்டு போன் பண்றாரு. ஒங்க ஊர்லதான் நிக்கிறோம் தம்பி, வீட்டுல வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறோம்னு. நல்ல மனுசங்க. வேற ஒண்ணும் கேக்கல, தேத்தண்ணிதான். நம்மகிட்ட இல்லாத தேயிலையா? மலை மலையா நிக்குது. ஆனா என்னால ஒரு கோப்பை கொடுக்க முடியல. போன ஆஃப் பண்ணிட்டேன். மறுநாளு வேலய விட்டுட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவரு மொகத்துல முழிக்கல."

கோழியை விரட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"அதுக்கப்புறந்தான் இந்தப் பெரட்டு. தெனமும் காலையில நம்ம ஆளுகளாச்சும் லயத்து நம்பர வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்னு. பழகிட்டா கூச்சம் போயிரும்ல. பாருங்க, ஒங்க கை பழகிருச்சு, தானா சொல்லிருச்சு. அத இல்லன்னு சொல்லிறாதீங்க. போயி ஒக்காருங்க."

மூன்று வருசமாகக் கிறுக்கு என்று நாங்கள் சிரித்ததெல்லாம் எனக்கு அப்போது ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மா மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

"என்னாடி, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்திருக்க?"

"ஒண்ணுமில்லம்மா. இந்தப் பெட்ஷீட்டக் கொஞ்சம் அவுத்துக் குடுங்க."

பத்து மணிக்குக் கேமராவைப் போட்டேன். பின்னால் புகை ஏறிய சுவர், முருகன் காலண்டர், அரிசி மூட்டை, எல்லாம் தெரிந்தது. முதல் வேலையாகச் சொன்னேன், நான் டவுனில் இல்லை, இது தோட்டத்து லயம், அம்மா கொழுந்து பறிக்கிறவர், ஆறு மாதமாகப் பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. பிறகு ஒரு சக ஊழியர் மெதுவாக, "வீட்டுக்குள்ள அட்டைப்பூச்சி வருமா?" என்று கேட்டார். மழைக்காலத்தில் வரும் என்றேன். நிரோஷா மிஸ் சிரித்துவிட்டு, "சரி நங்கி, பொய் சொன்னது தப்பு, அத அப்புறம் பேசலாம். இப்ப வேலயக் காட்டுங்க" என்று சிங்களத்தில் சொன்னார். காட்டினேன். சிக்னல் இரண்டு தடவை போனது. இரண்டு தடவையும் காத்திருந்தார்கள். அன்று பின்னேரமே நிரந்தரமாக்கிய கடிதம் வந்தது. கூடவே, இனி அலுவலகத்தில் பொய் சொல்லக் கூடாது என்று மிஸ் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்.

குழுவில் சொன்னேன். வெடி வெடிக்காத குறை. அந்தக் கூத்துக்கு நடுவில்தான் எனக்கு உறைத்தது, எங்கள் எல்லோரிடமும் தினமும் விலாசம் கேட்டவரிடம் ஒருநாளும் நாங்கள் கேட்டதே இல்லை.

"கண்டாக்கு அண்ணே," என்று எழுதினேன், "நீங்க எந்த ஊரு? எந்த டிவிசன்?"

அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. கடைசியில் வந்தது.

"திம்புள்ள பக்கம். மேல் டிவிசன். பதினோராம் லயம், கடைசி ரூம். அப்பா, தங்கச்சி, நான். யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா, வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்கே நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வாசலில் நின்ற கண்டாக்கு எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடினார், தங்கச்சியை அதட்டினார், கோப்பையை இரண்டு தரம் கழுவினார், அவரே கொண்டுவந்து நீட்டினார். சீனி அள்ளிப் போட்டிருந்தார், வாயில் வைக்க முடியவில்லை. நானும் அம்மாவும் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தோம்.