மதில் மேல் பரங்கி

"இன்னும் ஒரு சாண் அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு!" என்று மதிலடியில் நின்று கூவினார் குவாங்சிக்.

"கத்தாதீங்க. அது என்ன எந்திரிச்சு ஓடியா போகப்போகுது?" என்றாள் அவர் மனைவி ஒக்பூன், துவைத்த துணியை உதறிக்கொண்டே.

முப்பது வருஷம் கொரியாவின் யேசான் ஊரில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர் குவாங்சிக். செடி என்று ஒன்றை வாழ்நாளில் வைத்ததில்லை. மகள் செஜின் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே, "பிள்ளை பெத்த உடம்புல வீக்கம் வடிய என் தோட்டத்துப் பரங்கியைத்தான் காய்ச்சிக் கொடுப்பேன்" என்று சந்தை வரைக்கும் சொல்லிவிட்டு விதை ஊன்றினார். மழைக்காலம் முடிந்தபோது மதில் முழுக்கக் குடை குடையாக இலை. காய் ஒன்றே ஒன்று. அதுவும் மதிலுச்சியில் உட்கார்ந்து, நாளுக்கு நாள் பெருத்து, பக்கத்து வீட்டு மேங் தேஹோவின் முற்றத்தைப் பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்தது.

மேங் அதிகம் பேசாத மனிதர். விடிகாலையில் அவர் கொடியைத் தொட்டுக்கொண்டு நின்றதை குவாங்சிக் இரண்டு தடவை பார்த்துவிட்டார்.

"நம்ம காய் மேல அந்த ஆளுக்குக் கண்ணு. மெதுவா அவன் பக்கம் இழுக்கிறான்."

முட்டுக் கொடுக்கலாம் என்று காயின் கீழே ஒரு கட்டையைச் செருகினார். மதில் ஓடு இரண்டு நழுவி அந்தப் பக்கம் விழுந்தன. மேங் முற்றத்தில் சோயா ஊறவைத்திருந்த சாடியின் மூடி உடைந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. மேங் வந்தார். நிமிர்ந்து காயைப் பார்த்தார். சில்லுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு வார்த்தை திட்டினானா பாரு! உள்ளுக்குள்ள என்னமோ வெச்சிருக்கான்."

மறுநாள் ஒக்பூனின் பூப்போட்ட கால்சட்டையில் காய்க்குத் தூளி கட்டி, கயிற்றைத் துணி காயும் கம்பத்தில் முடிந்தார். மத்தியானத்துக்குள் கம்பம் சாய்ந்தது. வாரத் துணியெல்லாம் சேற்றில்.

"கால்சட்டை பரங்கிக்கு, மீதியெல்லாம் சேத்துக்கு. நான் எதைப் போட்டுக்கிட்டு பேரப்பிள்ளையைப் பார்க்கப் போறது?"

சாயங்காலம் தூறல் விழுந்தது. தான் நனைந்துகொண்டு காய்க்குக் குடை பிடித்து நின்ற மனுஷனைப் பார்த்தபோது ஒக்பூனுக்கு அந்தக் கோபமும் நிலைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஏணி வைத்து ஏறி, மதில் மேல் இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்து, காயை மடியில் சாய்த்துக்கொண்டார். சட்டைப்பையில் போன் அடித்தது. மருமகன்.

"மாமா! பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் சௌக்கியம்!"

குவாங்சிக் சந்தோஷத்தில் இரண்டு கையையும் உயரத் தூக்கினார். காய் உருண்டது. பாய்ந்து கட்டிப்பிடித்தார். அடுத்த கணம் அவரும் காயும் மேங் வீட்டு முற்றத்தில், காயப்போட்டிருந்த சிவப்பு மிளகாய் மேல் கிடந்தார்கள். காம்பு ஒடிந்திருந்தது. காயில் ஒரு கீறல் இல்லை.

மேங் ஓடிவந்தார்.

"அண்ணே, உங்க பக்கம் விழுந்துட்டாலும் இது என் குழியில முளைச்சது. எம் பொண்ணுக்கு... இப்பத்தான்..." குவாங்சிக்கின் கண்ணில் நீர் கொட்டியது. பேத்தியாலா, மிளகாயாலா என்று அவருக்கே தெரியவில்லை.

மேங் குனிந்து காயைத் தட்டிப் பார்த்தார். "நல்லா முத்தியிருக்கு. எடுத்துட்டுப் போங்க."

குவாங்சிக் கூசிப்போனார். இந்த மனிதரையா திருடன் என்று நினைத்தோம்! இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூன்று முறை குனிந்து வணங்கினார்.

"உங்க முற்றத்துல விழுந்த காயை விட்டுக்கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேணும் அண்ணே!"

மேங் முகம் சிவந்து உள்ளே போய்விட்டார். மிளகாயை அள்ள வந்த அவருடைய மருமகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, உங்க கொடி மழைக்கு முன்னாடியே பட்டுப்போச்சு, பொண்ணுக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டீங்களேன்னு எங்க மாமாதான் தினம் விடியறப்ப எங்க கொடியை உங்க பக்கம் ஏத்திவிட்டாரு."