வச்சிந்தியா, வச்சாடா?

சோறு தின்னு, மூஞ்சி கழுவு, அடிக்காதே. தெலுங்கில் தனக்கு நன்றாக வரும் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு முந்நூறு பம்புசெட்டை எப்படி விற்பது என்று லோகப்பிரியா யோசித்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி கிருபாசங்கருக்கு அந்தக் கவலை இல்லை. "போன வருசம் இங்கிலீசுல பேசி குண்டூர் ஆர்டரைக் கோட்டை உட்டுப்போட்டமுங்க. இந்தவாட்டி பிரசாத் சார் நேர்லயே வாராரு. உங்க ஊட்டு பாசை தெலுங்குதானுங்களே? நீங்களே பேசிப்போடுங்க. ஆர்டர் வந்தா ஆந்திரா ஏரியாவுக்கு நீங்கதான் மேனேஜர்."

வீட்டு பாஷை தெலுங்குதான். ஆனால் ஏழு வயதில் அவளை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். அவள் வளர்ந்தாள், தெலுங்கு ஏழு வயதிலேயே நின்றுவிட்டது.

பத்து நாள் இருந்தது. அன்று சாயங்காலமே அப்பா வேங்கடசாமியைப் பிடித்தாள்.

"ஏனுங்கப்பா, 'கொட்டேசன் பாத்துட்டு முடிவு சொல்லு'ங்கறதைத் தெலுங்குல எப்படிச் சொல்றதுங்க?"

"கொட்டேசன் சூசி முடிவு செப்பு."

"முடிவு தமிழாச்சுங்களே."

"நம்ம தெலுங்குல அப்படித்தான் கண்ணு."

"'செப்பு'ன்னா மரியாதையா இல்லீங்களே."

"கடைசில 'அண்டி' சேத்துக்க. நம்ம ஊரு 'ங்க' மாதிரிதான்."

'ங்க' போடாமல் மாட்டைக்கூட விரட்டாத ஊர்க்காரியிடம் இதைச் சொல்லலாமா? மறுநாளிலிருந்து பம்பண்டி, மோட்டாரண்டி, வாரண்டியண்டி என்று எல்லாவற்றுக்கும் மரியாதை கிடைத்தது.

சுத்தமான தெலுங்கு வேண்டும் என்று டிவியில் தெலுங்குச் செய்தி பார்க்க ஆரம்பித்தாள். நாலாம் நாள் சமையலறையிலிருந்து, செய்தி வாசிப்பவள் குரலிலேயே தெலுங்கில் ஏதோ சொன்னாள். அப்பா பதறி எழுந்து வந்தார்.

"யாரு கண்ணு போய்ட்டாங்க?"

"தோசை ஆறுதுன்னு சொன்னனுங்கப்பா."

பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்று புரிந்தது. டிவி கம்பெனியின் புகார் எண்ணுக்குப் போன் போட்டு, தெலுங்குக்கு நான்கை அழுத்தினாள். ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள். அவளோடு பேசுவதற்காக லோகப்பிரியா தினமும் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தாள். படம் வரவில்லை, சத்தம் வரவில்லை, படத்துக்கு முன்னால் சத்தம் வருகிறது. மூன்றாவது புகாருக்கு ஓர் ஆள் வந்து, இத்தனை கோளாறுள்ள பெட்டியை இதுவரை பார்த்ததில்லை என்று கழற்றிக்கொண்டு போய்விட்டான். செய்தியும் போயிற்று, புகார் சொல்லக் காரணமும் போயிற்று.

பிரசாத் வந்தார். வெள்ளைச் சட்டை, தங்கக் கண்ணாடி. லோகப்பிரியா செய்தி வாசிக்கும் குரலில், வார்த்தைக்கு ஓர் அண்டி போட்டு ஆரம்பித்தாள். அவர் புருவம் உயர்ந்தது. கம்பெனியின் முதல் பம்பு குண்டூருக்கு வந்த கதையைச் சொல்லும்போது கையை நீட்டி நிறுத்தினார்.

"பம்பு 'வச்சிந்தி' இல்லம்மா. பம்பு 'வச்சாடு'."

வச்சிந்தி என்றால் வந்தது, வச்சாடு என்றால் ஆம்பளை வந்தான் என்றல்லவா அர்த்தம்? ஏழு வயது ஞாபகம் அப்படித்தான் சொன்னது. ஆனால் சொல்பவர் குண்டூர்க்காரர். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பதினோரு இடத்தில் திருத்தினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கிருபாசங்கரின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. பிரசாத்தின் முகமோ மலர்ந்துகொண்டே போனது. இரண்டாவது காபியைத் தானே கேட்டு வாங்கிக் குடித்தார். கடைசியில் முந்நூறை அடித்து ஐந்நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனி எப்போதும் இந்தப் பெண்தான் தன்னிடம் பேச வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டார்.

"மேனேஜரம்மணி, போய் அவரைக் கார் வரைக்கும் உட்டுட்டு வாங்க" என்றார் கிருபாசங்கர்.

லோகப்பிரியா தரையில் கால் பாவாமல் படியிறங்கினாள். பிரசாத் வாசலில் யாரிடமோ போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கார்க் கதவைத் திறந்து வைத்து நின்ற டிரைவர் சித்தூர்க்காரர், தமிழ் பேசினார்.

"உங்க சார் தெலுங்கு அத்தனை சுத்தமுங்க" என்றாள் அவள். "நான் பேசுனதுல பதினோரு தப்புக் கண்டுபிடிச்சுட்டாருங்க."

டிரைவர் பிரசாத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் ராஜஸ்தான்காரர் மேடம். இருபது வருஷமா குண்டூரே அவர் தெலுங்கைத் திருத்துது. அவர் திருத்துறதுக்கு ஒரு ஆளு இன்னைக்குத்தான் கிடைச்சிருக்கு."